ஸ்டீம் டெக்கை டாக்கில் மாட்டினால் இசை வருது, பேச்சு மட்டும் வரல

#1 நடுவூரான்

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது ஸ்டீம் டெக் (கையடக்க கேம் கருவி), எல்சிடி மாடல். அதோட இயங்குதளம் ஸ்டீம்ஓஎஸ், ஸ்டேபிள் சேனல்ல இருக்கு, அப்டேட் எல்லாம் போட்டாச்சு. கையில வச்சு விளையாடும்போது சத்தத்துல ஒரு குறையும் இல்ல. ஹெட்போன் போட்டாலும் அருமையா கேட்குது.

டாக்கில் (டெக்கை டிவியோட இணைக்கிற துணைக்கருவி) மாட்டி ஹால் டிவிக்குக் கொடுத்தாதான் சிக்கல். மழைச் சத்தம், காலடிச் சத்தம், பின்னணி இசை எல்லாம் வருது. கதாபாத்திரம் வாயைத் திறந்தா மட்டும் பேச்சு கேட்கல. பக்கத்து வீட்டுல யாரோ பேசுற மாதிரி ஒரு எதிரொலி லேசா வருது, அவ்வளவுதான். வால்யூமை ஏத்தினா மழைதான் கூடுது. விளையாட்டோட செட்டிங்ஸ்ல வசனத்தை முழுசா ஏத்தியும் பார்த்துட்டேன், எதிரொலி கொஞ்சம் கூடினதைத் தவிர ஒண்ணும் நடக்கல. எல்லா விளையாட்டிலயும் இப்படி இல்ல. பழைய 2டி விளையாட்டுகள்ல பேச்சு ஒழுங்கா வருது.

சத்தம் டிவி ஸ்பீக்கர்ல இல்ல, பழைய ஆம்ப்ளிஃபயர்ல கேட்கிறேன். எங்க பார்க்கணும்?

#2 டக்ஸ்ராசா

தம்பி, இது பைப்வயர் (லினக்ஸ்ல ஒலியைக் கையாளுற மென்பொருள்) பண்ற வேலை. டெஸ்க்டாப் மோடுக்குப் போய் ரூட்டோட (சிஸ்டம் கோப்புகள் இருக்கிற பகுதி) ரீட்-ஒன்லி பூட்டை எடுத்துடுங்க. பேக்மேன் கட்டளையால பைப்வயரைத் தூக்கிட்டு, அதுக்கு முந்தின ஒலி மென்பொருளான பல்ஸ்ஆடியோ போட்டா சரியாகிடும். வீட்டு கம்ப்யூட்டர்ல நான் பல வருஷமா பல்ஸ்ஆடியோதான் ஓட்டுறேன், ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்ல.

#3 ஒலித்தச்சன்

ராசா அண்ணா, உங்க அனுபவத்து மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஸ்டீம் டெக்கில் இதைச் செய்யவே கூடாதுன்னு அழுத்திச் சொல்றேன். நடுவூரான், தயவுசெஞ்சு இப்போதைக்கு எதையும் அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க.

ஸ்டீம்ஓஎஸ் 3 ஆர்ச் லினக்ஸ் மேல கட்டினதுதான், ஆனா ரூட் பார்ட்டிஷன் பூட்டி வச்சது. ஏ, பி ன்னு ரெண்டு பிரதி உண்டு. அப்டேட் வரும்போது புது சிஸ்டம் மொத்தமா மத்த பிரதியில எழுதப்பட்டு, அடுத்த பூட் அதுல இருந்து நடக்கும். நீங்க கஷ்டப்பட்டு மாத்தினதெல்லாம் பழைய பிரதியோட போயிடும். ஹோம் ஃபோல்டர்ல வச்ச செட்டிங்ஸ்தான் நிக்கும். இன்னொண்ணு, டெக்கோட சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு தெளிவா கேட்குறதுக்குக் காரணமே பைப்வயருக்குள்ள ஓடுற ஃபில்டர் செயின்தான். பைப்வயரை எடுத்தா அதுவும் சேர்ந்து போகும். இருக்கிற பிரச்சினை தீராம புதுசா ஒண்ணு வந்து சேரும்.

மேலும், பைப்வயர் கெட்டுப்போயிருந்தா மழைச் சத்தமும் வந்திருக்காது. விளையாட்டு சத்தத்தை உருவாக்குது, புரோட்டான் (விண்டோஸ் விளையாட்டை லினக்ஸ்ல ஓட்டுற மென்பொருள்) அதை வாங்கி பைப்வயர்கிட்ட கொடுக்குது, எந்த வாசல் வழியா அனுப்பணும்னு வயர்பிளம்பர் முடிவு பண்ணுது, கெர்னல்ல இருக்கிற ஆல்சா டிரைவர் அதை வன்பொருளுக்குத் தள்ளுது, அப்புறம் டாக், கேபிள், டிவி. இந்த வரிசையில எந்த இடத்துல பேச்சு மட்டும் உதிருதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அது தெரியாம எதையும் மாத்தக் கூடாது.

எனக்கு ஒரு கேள்வி. டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல சத்தம் எப்படிப் போகுது? டிவியோட ஹெட்போன் துளையிலிருந்தா, இல்ல வேற ஏதாவது இருக்கா?

#4 நடுவூரான்

டிவியில ஹெட்போன் துளை கிடையாதுங்க. அதனால டாக்குக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு சின்னப் பெட்டி வச்சிருக்கேன். எச்டிஎம்ஐ உள்ள போய் எச்டிஎம்ஐ வெளிய வரும், பக்கத்துல சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளை ரெண்டு இருக்கும். அதுல இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர். பெட்டியில கம்பெனி பேர்கூட இல்ல. ஆப்டிகல் துளையும் ஒண்ணு இருக்கு, அதை நான் பயன்படுத்தல.

#5 ஒலித்தச்சன்

அந்தப் பெட்டிதான்னு எனக்கு முக்கால்வாசி தோணுது. ஆனா ஊகத்துல கை வைக்க வேண்டாம், டெக்கையே கேட்டுடலாம். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுறேன், நீங்க ஆங்கில எழுத்துல அடிச்சுக்குங்க.

முதல்ல விஷயம் இதுதான். எச்டிஎம்ஐ கேபிளை மாட்டின உடனே அந்தப் பக்கம் இருக்கிற கருவி தன்னைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பை அனுப்பும். அதுக்குப் பேர் ஈடிஐடி. எந்த ரெசல்யூஷன் தாங்கும்னு அதுல இருக்கிற மாதிரியே, எத்தனை சேனல் ஒலி வாங்கும், எந்த வேகத்துல வாங்கும்னும் இருக்கும். கெர்னல் அந்த ஒலிப் பகுதியை மட்டும் எடுத்து ஈஎல்டி ங்கிற பேர்ல வச்சுக்கும். அதுல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் மேல இருக்கிற எல்லாரும் நம்புவாங்க. நடுவுல உங்க பெட்டி உக்காந்திருக்கிறதால டிவியோட குறிப்புக்குப் பதிலா பெட்டி தன்னோட குறிப்பை அனுப்பிக்கிட்டிருக்கலாம்.

டெஸ்க்டாப் மோடுக்குப் போய் கான்சோல் திறங்க. ப்ராக் ஃபோல்டருக்குள்ள அசௌண்ட், அதுக்குள்ள கார்டு0, கார்டு1 ன்னு இருக்கும். எச்டிஎம்ஐ வேலை பார்க்கிற கார்டுக்குள்ள ஈஎல்டி ன்னு ஆரம்பிக்கிற கோப்புகள் சில இருக்கும். ஒவ்வொண்ணையும் 'கேட்' கட்டளையால திறந்து பாருங்க. மானிட்டர் ப்ரெசென்ட் 1 ன்னு காட்டுறதுதான் உங்களோடது. அதுல ஸ்பீக்கர்ஸ் ங்கிற வரியையும் சேனல்ஸ் ங்கிற வரியையும் இங்க போடுங்க. கனெக்‌ஷன் டைப்புல டிஸ்ப்ளேபோர்ட் ன்னு வந்தா குழம்ப வேண்டாம். டெக்கோட யூஎஸ்பி-சி துளையிலிருந்து வெளிய வர்றது டிஸ்ப்ளேபோர்ட்தான், அதை எச்டிஎம்ஐ ஆக்குறது டாக்.

ரெண்டாவது, கேடிஇ சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஆடியோ பக்கம் போனா அந்த அவுட்புட்டுக்கு டெஸ்ட் பட்டன்கள் இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரா அழுத்திப் பாருங்க. எது கேட்குது, எது கேட்கலன்னு சொல்லுங்க.

#6 நடுவூரான்

பார்த்துட்டேன். ஸ்பீக்கர்ஸ் வரியில அடைப்புக்குள்ள 0xஎஃப், அப்புறம் எஃப்எல்/எஃப்ஆர் எல்எஃப்ஈ எஃப்சி ஆர்எல்/ஆர்ஆர். கோடிங் டைப் எல்பிசிஎம் (சுருக்காத ஒலி). சேனல்ஸ் 6.

ஆடியோ பக்கத்துல டெஸ்ட் பண்ண ஆறு பட்டன் வந்தது. முன் இடது, முன் வலது ரெண்டும் கணீர்னு கேட்குது. முன் நடு அழுத்தினா மௌனம். பின் இடது, பின் வலது, சப்வூஃபர் எதுவும் இல்ல. ஆம்ப்ளிஃபயர்ல ஸ்பீக்கரே ரெண்டுதானே, ஆறு எங்கிருந்து வந்தது?

#7 ஒலித்தச்சன்

அவ்வளவுதான், ஆள் பிடிபட்டாச்சு. உங்க பெட்டி "எனக்கு 5.1 தெரியும், ஆறு சேனலையும் அனுப்பு"ன்னு டெக்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கு. டெக் அதை நம்பி ஆறு சேனலையும் அனுப்புது. பெட்டியோ ஆர்சிஏ பக்கம் முதல் ரெண்டை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு மிச்ச நாலையும் கீழ போட்டுடுது.

பேச்சு மட்டும் ஏன் போச்சு? 5.1 ல கலவை செய்யும்போது வசனத்தை நடு ஸ்பீக்கர்ல வைக்கிறதுதான் வழக்கம், திரையில இருக்கிற ஆள் திரையில இருந்தே பேசுற மாதிரி இருக்கணுமே. மழையும் இசையும் இடது வலதுல பரவியிருக்கும். நீங்க கேட்ட அந்த எதிரொலிகூட பேச்சோட அறை எதிரொலிதான், இடது வலதுக்குப் பிரிச்சு விட்ட பகுதி மட்டும் தப்பிச்சு வந்திருக்கு. பழைய 2டி விளையாட்டுகள் பெரும்பாலும் ரெண்டு சேனல்லதான் ஒலி கொடுக்கும், அதனால அங்க ஒண்ணும் தொலையல. முதல் பதிவுலயே நீங்க இவ்வளவு நுணுக்கமா எழுதினதுதான் எனக்கு வழி காட்டினது.

இப்போ தீர்வு. பெட்டியைத் திருப்பிப் பாருங்க. பொதுவா இந்த மாதிரிப் பெட்டிகள்ல மூணு நிலை உள்ள ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும்: பாஸ், 2 சேனல், 5.1. அதை 2 சேனலுக்குத் தள்ளுங்க. தள்ளிட்டு எச்டிஎம்ஐ கேபிளைக் கழட்டி மறுபடி மாட்டுங்க, குறிப்பு மாட்டும்போதுதான் படிக்கப்படும். அப்புறம் அந்த ஈஎல்டி கோப்பைத் திரும்பப் பாருங்க. ஸ்பீக்கர்ஸ் எஃப்எல்/எஃப்ஆர் (முன் இடது, முன் வலது) மட்டும், சேனல்ஸ் 2 ன்னு வரணும்.

ஸ்விட்ச் இல்லாத பெட்டின்னா ஆடியோ பக்கத்துல அந்தக் கார்டோட ப்ரொஃபைலை டிஜிட்டல் ஸ்டீரியோ (எச்டிஎம்ஐ) ன்னு மாத்துங்க. வயர்பிளம்பர் அதை ஹோம் ஃபோல்டருக்குள்ள நினைவுல வச்சுக்கும், அப்டேட்டுல போகாது. அவுட்புட் ரெண்டு சேனல்னு ஆகிட்டா, அதுக்கு மேலயும் ஆறு சேனல் கொடுக்கிற விளையாட்டு வந்தா பைப்வயரே கலந்து கொடுக்கும். நடு சேனலை 0.707 மடங்காக்கி இடதுலயும் வலதுலயும் சேர்க்கும். பேச்சு எங்கயும் தொலையாது.

ஒண்ணு மறக்காதீங்க: விளையாட்டு முழுசா மூடி மறுபடி திறக்கணும். எத்தனை ஸ்பீக்கர்னு பல விளையாட்டுகள் தொடங்கும்போது மட்டும்தான் கேட்கும்.

#8 நடுவூரான்

ஸ்விட்ச் இருந்தது! பெட்டிக்கு அடியில, நகத்தால தள்ளுற அளவுக்குச் சின்னது, 5.1 ல நின்னது. 2 சேனலுக்குத் தள்ளி கேபிளை மாட்டினேன். ஈஎல்டி ல சேனல்ஸ் 2. விளையாட்டைத் திறந்ததும் முதல் காட்சியிலயே பேச்சு முன்னால வந்து நின்னு கேட்குது. அம்மாகூட சமையலறையிலிருந்து யார் வந்திருக்காங்கன்னு கேட்டாங்க. கேம் மோடுக்குத் திரும்பிப் பார்த்தேன், அங்கயும் சரியா இருக்கு. ரொம்ப நன்றிங்க.

#9 பழையகன்சோல்

இதைப் படிச்சதும் பிளேஸ்டேஷன் 3 காலம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு. அதுல அதர்ஓஎஸ் வசதி இருந்தப்போ லினக்ஸ் போட்டு ஓட்டினோம். 2010 ஏப்ரல் 1 அன்னைக்கு 3.21 ஃபர்ம்வேர் வந்து அந்தக் கதவை மூடிட்டாங்க, அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு. அங்கயும் "எச்டிஎம்ஐ ல படம் வருது, சத்தம் வரல"ன்னு அடிக்கடி கேள்வி வரும். எல்லாரும் ஒலி டிரைவரை நோண்டுவாங்க. வீடியோ மோடு டிவிஐ ன்னு இருந்தா எச்டிஎம்ஐ கேபிளா இருந்தாலும் ஒலி போகாது, ஏன்னா டிவிஐ சிக்னல்ல ஒலிக்கு இடமே இல்ல. வீடியோ மோடை மாத்தினதும் சத்தம் வந்துடும்.

இப்பவும் டிவிஐ அடாப்டர் மாட்டின பழைய மானிட்டர்ல சத்தம் வரலன்னா முதல்ல பார்க்க வேண்டியது இதுதான். ஒலி போறது படம் போற கம்பியிலேயே. படத்துக்காக ரெண்டு பக்கமும் என்ன பேசி முடிச்சதோ அதுக்கு ஒலி கட்டுப்படும்.

#10 வடமராட்சியான்

நல்ல இழை. எனக்கு வேற ஒரு கரைச்சல் இருக்குது. டெக் நேரா டிவிக்குத்தான் போகுது, நடுவில பெட்டி ஒண்டும் இல்ல. சத்தம் எல்லாம் வருது, ஆனா மெனுவில கொஞ்ச நேரம் சும்மா நிண்டிட்டு பட்டனை அமத்தினா அந்த முதல் 'டிக்' கேக்காது. கதை சொல்லுற இடத்திலயும் வசனத்தின்ர முதல் சொல் அரைவாசியா வெட்டுப்படுது. இடைவிடாம இசை ஓடுற விளையாட்டில உந்தப் பிரச்சினை இல்ல. பழைய இழை ஒண்டில இருந்த, லுவா எண்ட நிரல்மொழியில எழுதின கோப்பை கன்ஃபிக்குக்குள்ள போட்டுப் பாத்தன், ஒரு மாற்றமும் இல்ல.

#11 ஒலித்தச்சன்

நிசப்தத்துக்கு அப்புறம் வர்ற முதல் ஒலி மட்டும் வெட்டுப்படுதுன்னா அது தூக்கத்துல இருந்து எழுந்திருக்கிற தாமதம். வயர்பிளம்பர் ஒரு அவுட்புட்டில் 5 விநாடி எந்த ஒலியும் போகலன்னா அதை சஸ்பெண்ட் பண்ணிடும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. கையில பிடிச்சு பேட்டரியில விளையாடும்போது இது நல்ல ஏற்பாடு. டிவியில மாட்டும்போது, ஒலி நின்னு மறுபடி வந்தா டிவி அதைப் புது சிக்னலா எடுத்துக்கிட்டு, என்ன வடிவம்னு கண்டுபிடிச்சு, அப்புறம்தான் ஸ்பீக்கரைத் திறக்கும். அந்த இடைவெளியிலதான் உங்க முதல் சொல் போகுது.

தீர்வு, அந்த ஒரு அவுட்புட்டுக்கு மட்டும் சஸ்பெண்ட் நேரத்தை 0 ஆக்குறது. 0 ன்னா தூங்கவே தூங்காதுன்னு அர்த்தம். செட்டிங்கோட பேர் செஷன் டாட் சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்.

லுவா கோப்பு வேலை செய்யாததுக்குக் காரணம் இருக்கு. 2024 மார்ச்சில் வந்த வயர்பிளம்பர் 0.5 ல அமைப்புக் கோப்புகளை லுவாவில் எழுதுற முறையையே எடுத்துட்டாங்க. இப்போ ஜேசன் சாயல்ல இருக்கிற கான்ஃப் கோப்பு. பழைய லுவா கோப்பை அது படிக்காது. அதுக்கு முந்தின காலத்து இழைகளைப் பார்த்துச் செய்றவங்க எல்லாரும் இதே இடத்துலதான் மாட்டுறாங்க, அதனால பழைய பதிலைப் படிக்கும்போது தேதியை ஒரு தடவை பார்த்துக்குங்க.

செய்ய வேண்டியது: ஹோம்ல டாட் கன்ஃபிக், அதுக்குள்ள வயர்பிளம்பர், அதுக்குள்ள வயர்பிளம்பர் டாட் கான்ஃப் டாட் டி ன்னு ஃபோல்டர். அதுல ஒரு கான்ஃப் கோப்பு. மானிட்டர் டாட் ஆல்சா டாட் ரூல்ஸ் ங்கிற பிரிவுல மேட்சஸ் பகுதியில உங்க எச்டிஎம்ஐ அவுட்புட்டோட நோட் நேம், ஆக்‌ஷன்ஸ் பகுதியில அப்டேட்-ப்ராப்ஸ், அதுக்குள்ள மேலே சொன்ன செட்டிங் 0. நோட் நேம் தெரிய டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் அடிச்சு எண்ணைப் பாருங்க, அப்புறம் டபிள்யூபிசிடிஎல் இன்ஸ்பெக்ட் கூட அந்த எண்ணைக் கொடுங்க. முடிச்சதும் வயர்பிளம்பரை ரீஸ்டார்ட் பண்ணினா போதும்.

டெக்கோட சொந்த ஸ்பீக்கருக்கு இதைப் போடாதீங்க. பேட்டரிதான் வீணாகும்.

#12 வடமராட்சியான்

செய்து பாத்தன், இப்ப முதல் 'டிக்' முழுசாக் கேக்குது. நோட் நேமில ஒரு எழுத்து விட்டாலும் பிடிக்காது போல, கொப்பி பண்ணித்தான் போட வேணும். மிச்சம் நன்றி அண்ணை.

#13 நள்ளிரவு_ஆட்டம்

இங்கேயே கேட்டுடறேன், மன்னிக்கவும். ப்ளூடூத் ஹெட்செட்ல பாட்டு அருமையா கேட்குது. நண்பர்களோட சேர்ந்து விளையாடுற விளையாட்டைத் திறந்தா மட்டும் எல்லா சத்தமும் பழைய டெலிஃபோன் மாதிரி ஆகிடுது. ஹெட்செட் பழுதா?

#14 டக்ஸ்ராசா

பழுது இல்லப்பா, இது நான் சொல்றேன். விளையாட்டு மைக்கைத் திறக்குது. ஏ2டிபி ப்ரொஃபைல் ஒரு பக்கம் மட்டும் போற வழி, நல்ல தரம், ஆனா மைக் கிடையாது. மைக் வேணும்னா ஹெட்செட் ப்ரொஃபைலுக்கு மாறணும். அதுல சிவிஎஸ்டி கோடெக்னா 8,000 ஹெர்ட்ஸ், எம்எஸ்பிசி ன்னா 16,000 ஹெர்ட்ஸ், ரெண்டுமே மோனோ. மைக் திறந்ததும் வயர்பிளம்பர் தானா மாத்திடுது. டெக்கிலேயே மைக் இருக்கே, இன்புட்டா அதை வச்சுட்டு, ஹெட்செட்டை ஏ2டிபி லயே நிறுத்துங்க. தானா மாறுறதை நிறுத்தவும் வயர்பிளம்பர்ல ஒரு செட்டிங் இருக்கு, ப்ளூடூத் டாட் ஆட்டோஸ்விட்ச்-டு-ஹெட்செட்-ப்ரொஃபைல், அதை ஃபால்ஸ் ஆக்கிடுங்க.

இப்போ பிடபிள்யூ-டாப் (பைப்வயர்ல என்ன ஓடுதுன்னு காட்டுற கட்டளை) ஓட்டிப் பார்த்துக்கிட்டிருக்கேன். நல்ல கருவிதான். எந்த அவுட்புட்டுக்கு எத்தனை சேனல் போகுதுன்னு ஃபார்மட் பத்தியிலேயே காட்டுது. யாருக்காவது கரகரன்னு சத்தம் வந்தா ஈஆர்ஆர் (பிழை) பத்தியில எண் ஏறுதான்னு பாருங்க. ஏறினா தாங்கல் (பஃபர்) போதல. குவாண்டம் (ஒரு தடவைக்குக் கையாளுற ஒலி மாதிரிகளோட எண்ணிக்கை) 256 ன்னா 48,000 ஹெர்ட்ஸ்ல 5 மில்லிவிநாடிக்குக் கொஞ்சம் மேலதான் அவகாசம், 1024 ன்னா 21 மில்லிவிநாடி.

#15 ஒலித்தச்சன்

அண்ணா, அருமை. கரகரப்புக்கு நான் சொல்ல இருந்ததும் இதுவேதான். ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன்: ஈஆர்ஆர் ஏறாம கரகரப்பு வந்தா மென்பொருளை விட்டுட்டு கேபிளையும் டாக்கையும் மாத்திப் பாருங்க.

#16 நடுவூரான்

கடைசியா ஒரு கேள்வி. மாமா வீட்டுல ஒரு பழைய 5.1 ஹோம் தியேட்டர் சும்மா கிடக்கு, எடுத்துக்கோன்னு சொல்றார். ஆப்டிகல் துளை மட்டும்தான் இருக்கு, எச்டிஎம்ஐ இல்ல. என் பெட்டியோட ஆப்டிகல்ல மாட்டி ஸ்விட்சை 5.1 க்குத் தள்ளினா ஆறு ஸ்பீக்கரும் பாடுமா?

#17 ஒலித்தச்சன்

பாடாது. ஆப்டிகல் கம்பி சுருக்காத ஒலியில ரெண்டு சேனல்தான் தாங்கும். 5.1 அதுல போகணும்னா டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மாதிரி சுருக்கின வடிவத்துல போகணும். படத்துல அது ஏற்கெனவே சுருக்கித் தயாரா இருக்கும், அப்படியே அனுப்பிடலாம். விளையாட்டுல ஒலி அந்தந்த நொடியில உருவாகுறது, எல்பிசிஎம் ஆ வருது. ஸ்விட்சை 5.1 க்குத் தள்ளினா பழையபடி பேச்சுதான் காணாமப் போகும்.

ஆல்சாவில ஏ52 ன்னு ஒரு ப்ளகின் உண்டு, ஆறு சேனலை உடனுக்குடன் டால்பி டிஜிட்டலா மாத்தும். ஆனா அந்த வடிவத்துல ஒரு ஃப்ரேமுக்கு 1,536 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) சேரணும். 48,000 ஹெர்ட்ஸ்ல அதுக்கே 32 மில்லிவிநாடி. ஹோம் தியேட்டர் அதைப் பிரிக்க எடுக்கிற நேரம் தனி. சண்டை விளையாட்டுல அந்தத் தாமதம் கையில தெரியும், அதோட ப்ளகினை ஸ்டீம்ஓஎஸ் ல நிறுத்தி வைக்கிறதும் சிரமம். எனக்கு இது தேவையில்லாத வேலையாத்தான் படுது.

டிவியோட ஏஆர்சி துளையிலும் (டிவியிலிருந்து ஒலியை வெளிய அனுப்புற எச்டிஎம்ஐ துளை) இதே கட்டுப்பாடு உண்டு. சுருக்காத 5.1 வேணும்னா அதோட மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி இருக்கணும், இல்லேன்னா எச்டிஎம்ஐ உள்ளீடு இருக்கிற ரிசீவர் இருக்கணும். ரிசீவர்ல டாக்கை நேரா மாட்டினா ஈஎல்டி ல சேனல்ஸ் 6 ன்னோ 8 ன்னோ வரும், அப்போ அது உண்மையான ஆறு.

மாமாகிட்ட வாங்கிக்குங்க, ஸ்பீக்கர்கள் நல்லா இருந்தா விட வேண்டாம். ஸ்விட்ச் 2 சேனல்லயே இருக்கட்டும். ஹோம் தியேட்டர் ரிமோட்டில் ப்ரோ லாஜிக் ன்னு பட்டன் இருக்கான்னு பாருங்க. இருந்தா ரெண்டு சேனல்ல இருந்தே பேச்சை நடு ஸ்பீக்கருக்குப் பிரிச்சு எடுக்கும்.

#18 நடுவூரான்

ஃபோன் போட்டுக் கேட்டேன், ரிமோட்டில் அந்தப் பட்டன் இருக்காம். ஞாயித்துக்கிழமை போய் எடுத்துட்டு வரேன். மாட்டினதும் ஈஎல்டி யையும் பிடபிள்யூ-டாப் ஃபார்மட் வரியையும் இங்க போடறேன்.